“எம் புள்ள சோறே துன்றதில்ல”: அம்மாவின் கண் எதை அளக்கிறது?

தர்மபுரி, பாலக்கோடு, காரிமங்கலம், கிருஷ்ணகிரி என்று எந்த ஊர்ப் பள்ளிக்கூட வாசலிலும் சாயங்காலம் நாலு அம்மாக்கள் கூடி நின்றால் இந்தப் பேச்சு வந்துவிடும். “எம் புள்ள சோறே துன்றதில்லக்கா, என்னதான் பண்றதுன்னே தெரியல.” ஒல்லியான பையனின் அம்மா சொல்வதும் இதுதான், கொழுகொழுவென்று இருக்கும் பெண்ணின் அம்மா சொல்வதும் இதுதான். இரண்டு பேரும் மனசார நம்பித்தான் சொல்கிறார்கள். அப்படியானால் அந்த வாக்கியம் பிள்ளையின் சாப்பாட்டைப் பற்றியதா, அம்மா அதைப் பார்க்கும் விதத்தைப் பற்றியதா?

ஊட்டச்சத்துத் துறையில் இந்தக் கேள்வியை மட்டுமே எடுத்துக்கொண்டு பலர் வேலை செய்திருக்கிறார்கள். பிள்ளை உண்மையில் எவ்வளவு சாப்பிடுகிறது என்று எடைபோட்டுப் பார்ப்பது ஒன்று. பிள்ளை எப்படிச் சாப்பிடுகிறது என்று அம்மா நினைக்கிறார் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதைத் ‘தாயின் பார்வை’ என்று தனியாகவே வைத்துப் படிக்கிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. தட்டில் என்ன விழும், எவ்வளவு விழும், எப்போது திட்டு விழும் என்பதையெல்லாம் முடிவு பண்ணுவது இந்தப் பார்வைதான். பார்வை கொஞ்சம் விலகினால் பரிமாறும் கையும் விலகும்.

லண்டனில் ஜேன் வார்டில் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் 2001-ல் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். 35 கேள்விகள். பதில் சொல்ல வேண்டியது பிள்ளை இல்லை, பெற்றோர். ‘ஒருபோதும் இல்லை’ என்பதிலிருந்து ‘எப்போதும்’ வரை ஐந்து பதில்களில் ஒன்றைக் குறிக்க வேண்டும். அந்த 35-ஐயும் எட்டுக் குணங்களாகப் பிரித்திருந்தார்கள். சோற்றைக் கண்டால் ஓடி வருவது, ரசித்துச் சாப்பிடுவது, கவலையோ கோபமோ வந்தால் அதிகம் தின்பது, எப்போதும் குடிக்க ஏதாவது கேட்பது என்று நாலு குணங்கள் சாப்பாட்டின் பக்கம் இழுப்பவை. சீக்கிரம் வயிறு நிறைந்துவிடுவது, மெதுவாகச் சாப்பிடுவது, மனசு சரியில்லை என்றால் தட்டைத் தள்ளுவது, இது வேணாம் அது வேணாம் என்று பிகு பண்ணுவது என்று மீதி நாலும் விலக்குபவை.

நம் ஊர் அம்மாக்களிடம் இதைச் சொல்லிப் பார்த்தால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். “எங்க பெரியவன் மெதுவா தின்றவன், சின்னது பிகு பண்றது” என்று ஒரே வீட்டில் இரண்டு குணத்தையும் காட்டுவார்கள். ‘சாப்பிடறதில்ல’ என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தது இங்கே பிரிகிறது. மெதுவாகச் சாப்பிடும் பிள்ளைக்கு நேரம் கொடுத்தால் போதும். சீக்கிரம் வயிறு நிறையும் பிள்ளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் அடிக்கடி வேண்டும். பிகு பண்ணும் பிள்ளைக்குப் பொறுமை வேண்டும். மூன்றுக்கும் ஒரே மருந்தாகப் பசி டானிக் வாங்கிக் கொடுத்தால் எப்படிச் சரியாகும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் குணங்களில் பெரும்பங்கு பிறவியிலேயே வருகிறது என்று இரட்டைப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. “நீ வளர்த்த வளர்ப்பு அப்படி” என்று மாமியாரோ பக்கத்து வீட்டுக்காரரோ சொன்னால், அதை அப்படியே தலையில் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை.

அம்மா பார்க்காத இரண்டு வேளை

இப்போது நம் மாவட்டங்களுக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்தில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். அரசுத் தொடக்கப் பள்ளி. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட்டில் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் காலையில் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ, காய்கறி சாம்பாரோடு கிடைக்கிறது. மத்தியானம் சத்துணவு. 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய அந்தத் திட்டத்தில் இன்று கலந்த சாதமும், வாரத்தில் ஐந்து நாள் முட்டையும் உண்டு. ஆக, பள்ளி நாட்களில் மூன்று வேளையில் இரண்டு வேளை அம்மாவின் கண்ணுக்குப் படாமலே பிள்ளையின் வயிற்றுக்குள் போகிறது.

அம்மா பார்ப்பது ராத்திரிச் சாப்பாட்டை மட்டும். அதுவும் எப்படிப்பட்ட நேரம்? பிள்ளை நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்ததும் டீயும் பொறையும். அப்புறம் கடையில் ஐந்து ரூபாய் பாக்கெட் ஒன்று. அப்புறம் விளையாட்டு. ஏழரை, எட்டு மணிக்குத் தூக்கம் கண்ணைக் கட்டும்போது தட்டு முன்னால் வருகிறது. நாலு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்து ஓடுகிறது. அந்த நாலு வாயைப் பார்த்துத்தான் முழு நாளுக்கும் கணக்குப் போடுகிறார் அம்மா. அந்தக் கணக்கில் பொங்கல் இல்லை, முட்டை இல்லை. டீயும் பொறையும் பாக்கெட்டும் கண் எதிரே நடந்தவைதான், ஆனால் ‘சாப்பாடு’ என்று யாரும் எண்ணாததால் அவையும் இல்லை.

இதில் அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓசூர் பக்கம் கம்பெனி பஸ் பிடிக்க விடியற்காலையில் கிளம்புகிறவர்கள், பூந்தோட்டத்துக்கும் தக்காளி பறிக்கவும் போகிறவர்கள், பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்ப் பிள்ளையை ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், விட்டிருப்பவர்கள் என்று இங்கே பாதி வீடுகளின் நிலவரம் இதுதானே. பார்க்க முடிந்த ஒரு வேளையை வைத்துக் கவலைப்படுவதுகூட அக்கறைதான். ஆனால் அந்த ஒரு வேளையை முழு நாளாக எடுத்துக்கொண்டால் முடிவு தப்பாகப் போகும்.

தனியார் பள்ளிப் பிள்ளையின் அம்மாவுக்கு வேறு அளவுகோல். டிபன் பாக்ஸ். சாயங்காலம் மூடியைத் திறந்ததும் காலையில் வைத்த இரண்டு சப்பாத்தியில் ஒன்றரை அப்படியே விறைத்துக் கிடக்கும். அதைப் பார்த்ததும் வயிறு எரியும். பையன் பக்கத்துப் பையனின் லெமன் சாதத்தில் பாதியை வாங்கித் தின்றிருப்பான். பாக்ஸ் அதைச் சொல்லாது.

எவ்வளவு சாப்பிட்டால் போதும்?

அம்மாவின் அளவுகோல் பெரும்பாலும் மூன்று இடங்களிலிருந்து வருகிறது. தன் சின்ன வயசு, நாத்தனார் பிள்ளை, அப்புறம் இதே பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது வளர்ந்த வேகம். மூன்றாவதுதான் அதிகமாக ஏமாற்றும். பிறந்த எடை ஒரு வயதில் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. மூன்று கிலோவாகப் பிறந்தது ஒன்பது கிலோவாக நிற்கிறது. அந்த வேகத்தைக் கண்ணால் பார்த்த அம்மாவுக்கு, ஆறு வயதுக்கு மேல் வருவது நின்றுபோன வளர்ச்சியாகத் தெரியும். உண்மையில் ஆறிலிருந்து பத்து வயதுவரை பிள்ளைகள் வருஷத்துக்கு 2 முதல் 3 கிலோ எடையும், 5 முதல் 6 சென்டிமீட்டர் உயரமும்தான் கூடுவார்கள். அது இயல்பு. வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் அடங்கும். பெண் பிள்ளைகளுக்குப் பத்து பன்னிரண்டு வயதிலும், பையன்களுக்கு இன்னும் ஓரிரு வருஷம் கழித்தும் வேகம் திரும்ப வரும். அப்போது அதே பிள்ளை சட்டியைச் சுரண்டும்.

ஒரே நாளுக்குள் இருக்கும் ஏற்ற இறக்கமும் குழப்பும். 1991-ல் அமெரிக்காவில் லீன் பர்ச் என்ற ஆய்வாளரின் குழு, இரண்டு முதல் ஐந்து வயதுவரை உள்ள பிள்ளைகள் சாப்பிட்டதை எல்லாம் ஆறு நாள் எடைபோட்டது. ஒரு வேளைக்கும் இன்னொரு வேளைக்கும் பெரிய வித்தியாசம் இருந்தது. ஆனால் 24 மணி நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் நாளுக்கு நாள் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தது. காலையில் விட்டதைச் சாயங்காலம் பிள்ளையே ஈடுகட்டிக்கொண்டது. மானாவாரி நிலம் வைத்திருப்பவர்கள் ஒரு நாள் மழையை வைத்து வருஷத்தை எடைபோட மாட்டார்கள், பருவத்தைத்தான் கணக்கில் வைப்பார்கள். பிள்ளையின் பசியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

பார்வை இன்னொரு பக்கமும் சறுக்குகிறது. பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்து 2014-ல் வெளிவந்த ஒரு தொகுப்பில், எடை கூடுதலாக இருக்கும் பிள்ளைகளின் பெற்றோரில் சுமார் பாதிப் பேர் தங்கள் பிள்ளையின் எடையை உண்மையைவிடக் குறைவாகவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊரிலும் “நல்லா பூசுனாப்புல இருக்கா” என்பது பாராட்டுத்தான். அதனால்தான் கொழுகொழுப் பெண்ணின் அம்மாவும் பள்ளிக்கூட வாசலில் அதே புகாரோடு நிற்கிறார். கண் இப்படி இரண்டு பக்கமும் தப்பு பண்ணும் என்பதால், வருஷத்துக்கு இரண்டு முறை உயரத்தையும் எடையையும் அளந்து தேதியோடு எழுதி வைத்தாலே பாதிக் கவலை தீரும்.

களியை வைத்து ஒரு உதாரணம்

பார்வை எப்படிக் கையில் இறங்குகிறது என்று பார்க்க நம் வீட்டுக் களியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

நொய்யரிசி கொதித்ததும் ராகி மாவைக் கொட்டி, துடுப்பால் கட்டி விழாமல் கிண்டி, தண்ணீர் தொட்ட கையால் உருட்டித் தட்டில் வைக்கிறார் அம்மா. பக்கத்தில் கீரைக் கடைசல், இல்லாவிட்டால் அவரைக்கொட்டைக் குழம்பு. பெரியவர்கள் விண்டு, குழம்பில் புரட்டி, மெல்லாமல் உள்ளே இறக்கிவிடுகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளை சோறு மாதிரி நினைத்து ஒரு துண்டை வாயில் போட்டு மெல்லுகிறது. அது பல்லில் ஒட்டுகிறது, மேலண்ணத்தில் அப்புகிறது, விரல் விட்டுச் சுரண்ட வேண்டியிருக்கிறது. முகம் கோணுகிறது. ஆயா, “மெல்லாத சாமி, சின்னதா விண்டு வழுக்கிவிடு” என்கிறார். பிள்ளைக்கு வரவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டுத் தட்டைத் தள்ளுகிறது.

அன்றைக்கே வீட்டில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடும்: “அவனுக்குக் களி ஆகாது.” அடுத்த முறை களி கிண்டும்போது அவனுக்கு மட்டும் தனியாக ஒரு பிடி சோறு, இல்லாவிட்டால் நூடுல்ஸ். களி என்றால் தனக்கு நூடுல்ஸ் வரும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. ‘பார்த்தியா, எப்பவுமே தின்ன மாட்டான்’ என்று அம்மாவின் பார்வையும் உறுதிப்படுகிறது. பிள்ளை மறுத்தது ருசியை இல்லை, விழுங்கத் தெரியாத பக்குவத்தைத்தான் என்பது யார் கண்ணிலும் படவில்லை.

இழப்பு சின்னதில்லை. 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அதே அளவு வெள்ளை அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுக்குத்தான். ராகி விளையும் மாவட்டத்தில், 2023-ல் நீலகிரியோடு சேர்த்து முதலில் தர்மபுரியில்தான் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்த மாவு வீட்டுக்கு வந்தும் பிள்ளையின் தட்டுக்கு வரவில்லை என்றால் வருத்தமாக இருக்கிறது.

புது உணவை ஒரு பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டிலிருந்து பதினைந்து தடவை வரை அது கண்ணிலும் நாக்கிலும் பட வேண்டியிருக்கலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. வீடுகளில் மூன்று, மிஞ்சினால் ஐந்து தடவையில் விட்டுவிடுகிறோம். களி வழுக்கவில்லையா, அதே மாவில் அடை தட்டலாம், முருங்கைக்கீரை போட்டு. ராகி தோசை ஊற்றலாம். கூழாக்கி மோர் ஊற்றி வெங்காயம் கடிக்கக் கொடுக்கலாம். களி வேகும் நாளில் கோலி அளவுக்கு ஒரே ஒரு உருண்டையைத் தட்டோரம் வைத்துவிட்டு, தின்றானா இல்லையா என்று பார்க்காமல் இருக்கலாம். அந்தப் ‘பார்க்காமல் இருப்பது’தான் ரொம்பக் கஷ்டம், தெரியும்.

வற்புறுத்தினால் என்ன ஆகும்?

சாப்பிடவில்லை என்று தோன்றினால் அம்மாவின் கை இயல்பாகவே வற்புறுத்தும். “இன்னும் ரெண்டு வாய்”, “தட்டைக் காலி பண்ணாம எழுந்திரிக்காத”. 2006-ல் வெளியான ஓர் ஆய்வில் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு வகை சூப் கொடுத்தார்கள். ஒன்றைக் குடிக்கச் சொல்லி வற்புறுத்தினார்கள், மற்றதைச் சும்மா வைத்தார்கள். பல வாரம் கழித்துப் பார்த்தால் சும்மா வைத்த சூப்பைத்தான் பிள்ளைகள் அதிகம் குடித்தார்கள். வற்புறுத்திய சூப்பைப் பற்றிக் குறைதான் நிறையச் சொன்னார்கள்.

அதிகமாகச் சாப்பிடுகிறது என்று தோன்றினால் கை தடுக்கும். பாக்கெட்டை மேல் அலமாரியில் ஒளித்து வைப்பது அப்படித்தான். கண் எதிரே வைத்துக்கொண்டு தொடாதே என்று தடுத்த தின்பண்டத்தின் மேல் பிள்ளைகளுக்கு ஆசை கூடுகிறது என்று 1999-லேயே பர்ச்சும் ஜெனிபர் பிஷரும் காட்டினார்கள். ஒளிப்பதைவிட வாங்காமல் இருப்பது நல்லது. அந்த இடத்தில் வேகவைத்த கடலைக்காய், பருவத்தில் அவித்த மொச்சை, கடலை உருண்டை, கோடையில் கிருஷ்ணகிரி மாம்பழம் என்று வேறொன்று கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும்.

“கீரை தின்னா சாக்லேட்” என்பதும் இந்த வகைதான். கீரை தண்டனை, சாக்லேட் பரிசு என்று பிள்ளை மனசில் பதிந்துவிடும்.

அப்படியானால் விட்டுவிடுவதா? இல்லை. எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் சொன்ன ஒரு பங்கீடு இருக்கிறது, ஆரம்பிப்பவர்களுக்கு அதுவே போதும். என்ன சமைப்பது, எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து என்பது பெரியவர்களின் பொறுப்பு. வைத்ததில் எதைச் சாப்பிடுவது, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. அம்மா தன் பங்கை இறுக்கிப் பிடிக்கலாம். ஏழு மணிக்குச் சாப்பாடு, டி.வி.யும் போனும் அணைத்தபின், எல்லோரும் ஒன்றாக. சாயங்காலத் தீனியை ஐந்து மணியோடு முடித்துவிடுவது. அங்கே விட்டுக்கொடுக்க வேண்டாம். எத்தனை வாய் என்பதில் மட்டும் கை வைக்க வேண்டாம். ஆயா வீட்டில் வளரும் பிள்ளை என்றால் இந்தப் பங்கீட்டை ஆயாவிடம்தான் முதலில் பேச வேண்டும், போனில் பிள்ளையிடம் “சாப்டியா சாமி” என்று கேட்டால் “ம்” என்றுதான் வரும்.

அம்மாவின் கண் முழு நாளையும் பார்க்க ஒரு வழி, மூன்று நாள் எழுதிப் பார்ப்பது. ஒரு நோட்டில் எழுந்தது முதல் படுத்தது வரை வாயில் போனது எல்லாவற்றையும் எழுத வேண்டும், டீ, பிஸ்கட், ஐந்து ரூபாய் பாக்கெட் உட்பட. பள்ளியில் என்ன சாப்பிட்டது என்று சத்துணவு அமைப்பாளரிடமோ சமையல் அக்காவிடமோ கேட்கலாம், முட்டை தின்றானா, பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுத்தானா என்பதுவரை அவர்களுக்குத் தெரியும். மூன்றாம் நாள் அந்தப் பக்கத்தைப் பார்த்தால், ‘சாப்பிடறதே இல்ல’ என்பது ‘சாயங்காலம் டீ குடிக்கிறதால ராத்திரி பசிக்கல’ என்பது போலக் கைக்கு அடங்கும் ஒரு விஷயமாக மாறியிருக்கும். சாப்பாட்டோடு ஒட்டிக் குடிக்கும் டீ, சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும் என்பதையும் அங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

அம்மா சொல்வது சரியாக இருக்கும் நேரங்களும் உண்டு

கடைசியாக, இதைப் படித்துவிட்டு யாரும் அம்மாவின் கவலையைத் தள்ளிவிட வேண்டாம். பிள்ளையின் மாற்றத்தை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் அவர்தான். ஆறு மாதம் அளந்தும் எடை ஏறவில்லை, அல்லது குறைந்திருக்கிறது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பு இல்லாமல் வெளுத்திருக்கிறது, விளையாடப் போனால் உடனே களைத்து உட்கார்ந்துவிடுகிறது. பலப்பம், மண், சாம்பல், பச்சரிசி என்று தேடித் தின்கிறது, இது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். அடிக்கடி வயிற்று வலி. கட்டியாக இருப்பதை விழுங்கவே பயப்படுகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி ரத்தம் பார்க்கச் சொல்ல வேண்டும். பள்ளியில் குடற்புழு மாத்திரை கொடுத்த நாளில் பிள்ளை லீவு போட்டிருந்தால் அதையும் அங்கே சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஓயாமல் தண்ணீர் தாகம், ராத்திரியில் எழுந்து எழுந்து சிறுநீர், நன்றாகத் தின்றும் உடம்பு இளைப்பது என்றால் அது சர்க்கரை நோயாக இருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும்.

போகும்போது அந்த மூன்று நாள் நோட்டையும், எடை உயரம் குறித்த தாளையும் எடுத்துப் போங்கள். “சாப்பிடறதில்ல டாக்டர்” என்று மட்டும் சொன்னால் பசிக்கு ஒரு சிரப் எழுதித் தருவதோடு முடிந்துபோகலாம். நோட்டைக் காட்டினால் டாக்டர் கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும்.